செல்போனில் வந்த ‘மேட்ச்’ சாட்சியம் ஆகாது

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. உணவு டெலிவரி வேலை பார்க்கிறான். போன மாதம் ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வீட்டுக்கு வரும் வழியில் ரோந்துப் போலீசார் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, செல்போனில் அவன் முகத்தைப் படம் எடுத்திருக்கிறார்கள். “பழைய கேஸ் ஆளோட மேட்ச் ஆகுது” என்று சொல்லி ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். பத்து விரல் ரேகையும் எடுத்து, ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, விடியற்காலையில் “நீ வேற ஆளு, போ” என்று அனுப்பினார்கள். எங்களுக்குத் தகவல் சொல்லவில்லை. எஃப்.ஐ.ஆர். எதுவும் போடவில்லை. என் கணவர், “தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம், விட்டுத்தள்ளு” என்கிறார். மகன் வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்கிறான். அவன் முகமும் ரேகையும் குற்றவாளிகள் பட்டியலில் ஏறிவிட்டதா? போலீஸ் சரிபார்ப்பில் பிரச்சினை வருமா? ஆதாரில் இருக்கும் ரேகையையும் போலீஸ் எடுத்துக்கொள்ள முடியுமா? — மதுரை மாவட்டத்திலிருந்து ஒரு தாய்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்ததில் எனக்கும் நிம்மதி. ஆனால் இதை விட்டுத்தள்ள வேண்டாம். உங்கள் கணவர் சொல்வதில் ஒரு தகப்பனின் பயம் இருக்கிறது, போலீசோடு எதற்கு வம்பு என்று. அது எனக்குப் புரிகிறது. நான் சொல்லப்போவதில் வம்பு எதுவும் இல்லை. இரண்டு மனு, ஓர் ஆர்.டி.ஐ. விண்ணப்பம், அவ்வளவுதான். அதற்கு முன் அன்றைக்கு நடந்தது என்ன என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

தமிழ்நாடு காவல்துறை 2021-ல் முக அடையாள மென்பொருள் ஒன்றைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் கொல்கத்தா பிரிவு உருவாக்கியது. ஸ்டேஷன் கணினியிலும் போலீசாரின் செல்போனிலும் இயங்கும். சி.சி.டி.என்.எஸ். என்கிற குற்றப் பதிவுத் தளத்தில் இருக்கும் படங்களோடு, எடுத்த படத்தை ஒப்பிட்டுப் பார்க்கும். காணாமல்போனவர்களைத் தேடவும், அடையாளம் தெரியாத சடலங்கள் யாருடையவை என்று கண்டுபிடிக்கவும்கூட இது பயன்படுகிறது. அந்தப் பயனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிள்ளையைத் தேடி ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலையும் பெற்றோரை என் தொழிலில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மென்பொருள் முகத்தை முகமாகப் பார்ப்பதில்லை. கண்ணுக்குக் கண் உள்ள தூரம், மூக்கு, தாடையின் அமைப்பு, இன்னும் நாம் பெயர் சொல்ல முடியாத பல கூறுகளையெல்லாம் சேர்த்து ஒரு நீளமான எண் வரிசையாக மாற்றிக்கொள்கிறது. பிறகு அந்த வரிசைக்கு எது கிட்டத்தில் வருகிறது என்று கிடங்கில் தேடுகிறது. விடையாகக் கிடைப்பது “இவன்தான் அவன்” என்பதல்ல, “இவ்வளவு சதவீதம் ஒத்துப்போகிறது” என்பது மட்டும்தான். எத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் ‘மேட்ச்’ என்று சொல்லலாம் என்பதை மனிதர்கள் முடிவு செய்து வைக்கிறார்கள். டெல்லி காவல்துறை 80 சதவீதத்துக்கு மேலே போனால் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதாக 2022-ல் ஓர் ஆர்.டி.ஐ. கேள்விக்குப் பதில் சொன்னது. அந்த 80-க்கு எந்தச் சட்டத்திலும் இடம் இல்லை.

வங்கியிலோ செல்போனிலோ நம் முகத்தைக் காட்டும்போது ஒரே ஒரு கேள்விதான்: இந்த முகம், ஏற்கெனவே பதிந்த அந்த ஒரு முகமா? ரோட்டில் நடப்பது வேறு. ஒரு முகத்தை லட்சக்கணக்கான முகங்களோடு ஒப்பிடுகிறார்கள். கிடங்கு பெரிதாக ஆக, யாரோ ஒருவர் சாடையில் ஒத்துப்போவதற்கான வாய்ப்பும் கூடிக்கொண்டே போகும். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஆயிரத்தில் ஒருவரை மட்டும் தவறாகக் காட்டும் நல்ல மென்பொருள். ஓர் இரவில் மாநிலம் முழுக்க பத்தாயிரம் பேரைப் படம் எடுத்தால், பத்துப் பேர் ஒரு தப்பும் செய்யாமல் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு உங்கள் மகன் அதில் ஒருவராக இருந்திருக்கிறார். தெருவிளக்கு வெளிச்சம், ஹெல்மெட் போட்டு நசுங்கிய முடி, வியர்வை, கை ஆடிய செல்போன், ஒப்பிடக் கிடைத்த பழைய மங்கலான படம் எல்லாம் சேர்ந்தால் ஆயிரத்தில் ஒன்று என்பதும் நிற்காது.

நம் முகம் இன்னொரு காரணத்தாலும் அடிபடுகிறது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019-ல் 189 மென்பொருள்களைச் சோதித்துப் பார்த்தது. அவற்றில் பலவும் வெள்ளையர் முகங்களைவிட ஆப்பிரிக்க, ஆசிய முகங்களில் ஆள் மாறி ‘மேட்ச்’ காட்டுவது 10 முதல் 100 மடங்கு அதிகமாக இருந்தது. தெற்காசிய முகங்களுக்கும் பிழை கூடுதல்தான். எந்த முகங்களைக் கொடுத்துப் பழக்கினார்களோ அந்த முகங்களை நன்றாகத் தெரிந்துகொள்ளும். இங்கே பயன்படும் மென்பொருள், நம் ஊர் முகங்களில், நம் ஊர் இரவு வெளிச்சத்தில் எவ்வளவு பிழை செய்கிறது என்பதைச் சுயேச்சையாகச் சோதித்து வெளியிட வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 2019-ல் டெல்லி உயர்நீதிமன்றத்தில், காணாமல்போன குழந்தைகள் தொடர்பான வழக்கில், அங்குள்ள மென்பொருளால் ஆண் குழந்தையையும் பெண் குழந்தையையும்கூடப் பிரித்தறிய முடியவில்லை என்று மத்திய அமைச்சகமே சொல்ல நேர்ந்தது.

இதே தவறு நடந்த ஒரு வழக்கு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரை 2020 ஜனவரியில், வீட்டு வாசலில், மனைவியும் இரண்டு சின்னப் பெண்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைது செய்தார்கள். ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருடு போயிருந்தன. கடை கேமராவில் பதிந்த மங்கலான உருவத்துக்கு, அவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படத்தை மென்பொருள் காட்டியது. ஏறக்குறைய 30 மணி நேரம் அடைத்து வைத்திருந்தார்கள். அவர் விடவில்லை, வழக்குப் போட்டார். 2024-ல் சமரசம் ஆனபோது, முகப் பொருத்தத்தை மட்டும் வைத்து இனி யாரையும் கைது செய்வதில்லை என்று டெட்ராய்ட் போலீஸ் எழுதிக் கொடுத்தது. அந்த ஒரு வரி நம் ஊரிலும் வர வேண்டும் என்பது என் ஆசை. அது வருவதற்கு உங்களைப் போன்றவர்களின் மனுக்கள்தான் முதல் படி.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

2022-ல் நாடாளுமன்றம் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டத்தைக் கொண்டுவந்தது. 1920-ம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. விரல் ரேகை, உள்ளங்கை ரேகை, பாத ரேகை, புகைப்படம், கருவிழி, விழித்திரை, ரத்தம் முதலிய மாதிரிகள், கையெழுத்து என எல்லாவற்றையும் இந்தச் சட்டம் ‘அளவீடுகள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்குகிறது. எடுத்ததை தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். 23 வயதுப் பையனுக்கு இது ஆயுள் முழுக்க என்றுதான் அர்த்தம். கடுமையான சட்டம், இதைப் பற்றி எனக்கு நிறைய மனக்குறை உண்டு. ஆனால் இவ்வளவு கடுமையான சட்டமே யாரிடம் எடுக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. தண்டனை பெற்றவர், நன்னடத்தைக்குப் பிணை எழுதித்தர உத்தரவிடப்பட்டவர், ஒரு குற்றத்துக்காகக் கைதானவர், தடுப்புக் காவல் சட்டத்தில் அடைக்கப்பட்டவர். இவர்களைத் தவிர வேறு ஒருவரிடம் எடுக்க வேண்டுமென்றால், விசாரணைக்குத் தேவை என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போட வேண்டும்.

உங்கள் மகன் இதில் எதில் வருகிறார்? கைது இல்லை என்று போலீஸ் சொன்னால், பத்து விரல் ரேகை எடுக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. கைதுதான் என்று சொன்னால், காரணத்தை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், உங்களுக்குத் தகவல் கொடுத்திருக்க வேண்டும், கைது பதிவாகியிருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 47, 48-ம் பிரிவுகள் இதைத்தான் சொல்கின்றன. இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். எதுவாக இருந்தாலும் அன்றைக்கு நடந்தது சட்டப்படி நடக்கவில்லை. உங்கள் மனுவின் உயிர்நாடி இந்த இடத்தில் இருக்கிறது. மற்றதையெல்லாம் சுருக்கமாக எழுதுங்கள், இதை விரிவாக எழுதுங்கள்.

ரோட்டில் செல்போனில் முகத்தைப் படம் எடுத்தது? அதற்கும் இதே கேள்விதான். முக அடையாளத் தொழில்நுட்பத்தைப் போலீஸ் எங்கே, எப்போது, யார்மீது பயன்படுத்தலாம் என்று சொல்லும் தனிச் சட்டம் இந்தியாவில் கிடையாது. 2017 ஆகஸ்ட் 24-ல், கர்நாடக உயர்நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடர்ந்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் கைவைக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. ராத்திரி வண்டியில் போகிறவரையெல்லாம் நிறுத்திப் படம் எடுப்பது முதல் நிபந்தனையிலேயே தடுக்கி விழுகிறது என்பது என் கருத்து. ஹைதராபாத்தில் 2021 ஊரடங்கு நேரத்தில் எஸ்.க்யூ. மசூத் என்ற சமூக ஆர்வலரை நிறுத்தி, முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அவர் தெலங்கானா உயர்நீதிமன்றத்துக்குப் போனார், நீதிமன்றம் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. உங்கள் மகனுக்கு நடந்ததும் அதே வகைதான்.

இங்கிலாந்தில் இப்படி ஒரு வழக்கு தீர்ப்பு வரைக்கும் போயிருக்கிறது. கார்டிஃப் நகரத்தைச் சேர்ந்த எட் பிரிட்ஜஸ், சவுத் வேல்ஸ் போலீஸ் பொது இடங்களில் முகங்களைப் படித்ததை எதிர்த்தார். 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பட்டியலில் யாரை வைப்பது, கேமராவை எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் போலீசாரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது தவறு என்றது. கவனியுங்கள், அங்கே பொருந்தாத முகங்களின் பதிவை உடனுக்குடன் அழித்துக்கொண்டிருந்தார்கள். அப்படி இருந்தும் அந்தத் தீர்ப்பு. இங்கே பொருந்தாத முகத்தின் படம் என்ன ஆகிறது என்று நமக்கு யாரும் சொல்வதில்லை. நான் உங்களுக்குச் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயம் இது. படம் எடுத்த அந்த அரை நிமிடத்தை இனி நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. எடுத்தது எங்கே தங்கியிருக்கிறது என்பதைக் கேட்க முடியும், அழிக்கச் சொல்ல முடியும். நம் முயற்சி முழுக்க அங்கே போக வேண்டும்.

தங்கியிருந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பார்கள். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் இதே முக அடையாளத் தளத்துக்குள் வெளியாள் ஒருவர் நுழைந்தார். நிர்வாகக் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு திருடு போனதால் நடந்தது என்று காவல்துறை விளக்கம் கொடுத்தது. பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தையும் ரேகையையும் எங்கே போய் மாற்றுவது?

உங்கள் கணவரிடம் நான் ஒன்று சொல்ல வேண்டும். ஐயா, நீங்கள் மதுரை மாவட்டத்துக்காரர். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் என்றால் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1920 ஏப்ரல் 3-ல் அங்கே போலீஸ் துப்பாக்கியால் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 15-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி ஊரார் ரேகை பதிய வேண்டும் என்றார்கள், ஊரார் மறுத்தார்கள். மக்கள் அந்தச் சட்டத்தையே ரேகைச் சட்டம் என்றுதான் சொன்னார்கள். ரேகை வைத்தவன் இரவில் எங்கே படுக்க வேண்டும், ஊரை விட்டுப் போவதென்றால் யாரிடம் சீட்டு வாங்க வேண்டும் என்பதெல்லாம் அதன் பின்னால் வந்தன. அவர்களில் பெரும்பாலோர் ஒரு தப்பும் செய்யாதவர்கள். பிறந்த சாதி ஒன்றே போதுமானதாக இருந்தது. இன்றைக்கு யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை, உண்மைதான். ஆனால் குற்றப் பதிவுக் கிடங்கில் யாருடைய படங்கள் அதிகம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எந்தத் தெருக்களில் ரோந்து அதிகமோ, யாரைச் சந்தேக கேஸில் பிடிப்பது சுலபமோ, அவர்களுடைய படங்கள். மென்பொருள் அந்தப் பழைய சாய்வை அப்படியே வாங்கிக்கொண்டு, அதற்கு ஒரு சதவீதக் கணக்கும் போட்டுக் கொடுக்கிறது. ராத்திரி காரில் வருகிறவரை நிறுத்தி முகத்தைப் படம் எடுப்பது எத்தனை முறை நடக்கிறது, பைக்கில் பையை மாட்டிக்கொண்டு வருகிற பையனுக்கு எத்தனை முறை நடக்கிறது? தப்பு செய்யாதவனுக்கும் பயப்படக் காரணம் உண்டு என்று உங்கள் மகன் அன்றைக்கு ராத்திரி தெரிந்துகொண்டார்.

இனி செய்ய வேண்டியவை. முதலில் மகனை உட்கார வைத்து நடந்ததை அவர் கைப்பட எழுதச் சொல்லுங்கள். எந்த இடம், எத்தனை மணி, எத்தனை போலீசார், பெயர்ப்பட்டையில் என்ன இருந்தது, படம் எடுத்தது சொந்த செல்போனா அரசு கொடுத்த கருவியா, ரேகை மை தடவி எடுத்தார்களா மெஷினில் எடுத்தார்களா. கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும், ஆனால் அதுதான் முக்கியம். மெஷினில் எடுத்திருந்தால், நாஃபிஸ் என்ற தேசிய ரேகைத் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டு விட்டார்களா, பதிவே செய்துவிட்டார்களா என்று கேட்க வேண்டும். டெலிவரி ஆப்பில் அன்றைய கடைசி ஆர்டர் முடிந்த நேரம், செல்போனின் லொக்கேஷன் வரலாறு இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அடுத்து, இதை நாளைக்கே செய்யுங்கள்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, ஸ்டேஷன் மாநகர எல்லைக்குள் என்றால் ஆணையருக்கு, அன்றைய இரவின் ஸ்டேஷன் கேமரா பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி ஒரு மனு. பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்தவும், பதிவை 18 மாதம் வைத்திருக்கவும் உத்தரவிட்டது. உங்கள் மகன் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் நாளாக ஆக, “கேமரா அன்னிக்கு வேலை செய்யல” என்ற பதில் வரும் வாய்ப்பு கூடும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

அதே அதிகாரிக்கு இரண்டாவது மனுவை மகனின் பெயரில் போடுங்கள். என் மீது வழக்கு இல்லை, நான் கைது செய்யப்படவில்லை, மாஜிஸ்திரேட் உத்தரவும் இல்லை, ஆகவே என் படம், ரேகை, வெள்ளைத்தாளில் வாங்கிய கையெழுத்து மூன்றையும் அழித்து எழுத்துமூலம் தெரிவிக்கவும் என்று கேளுங்கள். வெள்ளைத்தாள் கையெழுத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். பின்னால் அதில் “நானே சம்மதித்து ரேகை கொடுத்தேன்” என்று யாராவது எழுதிக்கொண்டால், இந்த மனுவின் தேதி உங்களைக் காப்பாற்றும். 2022 சட்டத்தின் விதிகளில் பதிவை அழிக்கக் கோருவதற்கென்று மாநில அளவில் ஒரு நோடல் அதிகாரி, அதாவது பொறுப்பு அதிகாரி, உண்டு. மனுவின் நகலை அவருக்கும் அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆர்.டி.ஐ. விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். “ஏன் என் மகனைப் பிடித்தீர்கள்” என்று கேட்டால் பதில் கிடைக்காது. ஆவணத்தைக் கேளுங்கள். அன்றைய ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் அவர் பெயர் உள்ள பக்கத்தின் நகல், முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்துவதற்கான சுற்றறிக்கை, பொருந்தாத படங்களை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்ற உத்தரவு. விசாரணையைப் பாதிக்கும் என்று மறுக்கலாம். வழக்கே இல்லாதபோது எந்த விசாரணை என்று முதல் மேல்முறையீட்டில் கேட்கலாம்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் போகலாம், சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நம்பி உட்கார வேண்டாம். குற்றத் தடுப்பு, புலனாய்வு என்று வந்தால் அதன் பெரும்பகுதி பொருந்தாது என்று அந்தச் சட்டமே விலக்குக் கொடுத்துவிட்டது.

ஆதார் விஷயத்தில் உங்களுக்குக் கவலை வேண்டாம். ஆதார் சட்டத்தின் 29-ம் பிரிவுப்படி ரேகையையும் கருவிழிப் பதிவையும் யாருக்கும், எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்க முடியாது. கோவாவில் ஒரு வழக்குக்காக சி.பி.ஐ. ரேகை விவரம் கேட்டபோது ஆதார் ஆணையமே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் தரக் கூடாது என்று 2014-ல் இடைக்கால உத்தரவு வந்தது. வேண்டுமானால் ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். அது மோசடிக்காரர்களிடமிருந்து காப்பாற்றும்.

மறுபடியும் ரோட்டில் நிறுத்தினால்? மகன் வண்டியை ஓரம்கட்டி, லைசென்ஸ், ஆர்.சி. காட்ட வேண்டும். அதற்குச் சட்டம் உண்டு. செல்போனை முகத்துக்கு நேரே நீட்டினால், “எந்த வழக்குக்காக சார்?” என்று மரியாதையாகக் கேட்கட்டும், சம்மதம் இல்லை என்றும் சொல்லட்டும். அதற்கு மேலும் எடுத்தால் கையைத் தட்டிவிடவோ ஓடவோ வேண்டாம். அங்கே தகராறு ஆனால், இல்லாத வழக்கு ஒன்று உருவாகிவிடும். ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால் எழுத்தில் சம்மன் கேட்டு, உடனே உங்களுக்குப் போன் செய்ய வேண்டும்.

வெளிநாட்டு வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு, நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் குற்ற வழக்கைத்தான் தடையாகச் சொல்கிறது. உங்கள் மகன் மீது எஃப்.ஐ.ஆரே இல்லை. போலீஸ் சரிபார்ப்புப் படிவத்தில் வழக்கு உண்டா, கைதானதுண்டா என்ற இடங்களில் ‘இல்லை’ என்றே எழுதலாம். ஆனால் அதற்கு முன் இரண்டாவது மனுவுக்குப் பதில் வந்துவிட்டால் நல்லது, கைது எதுவும் பதிவாகவில்லை என்பதற்கு அதுவே ஆதாரம். சரிபார்ப்பின்போது அன்றைய இரவைக் காட்டி யாராவது பாதகமாக எழுதினால், அந்த அறிக்கையின் நகலையும் நீங்கள் அனுப்பிய மனுக்களின் ஒப்புகைகளையும் எடுத்துக்கொண்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம்.